கருப்பு வண்டியும் ரெண்டாம் கண்ணும்

கருப்பு வண்டி வாங்குகிறவர்களில் பாதிப் பேர் அதைத் துடைக்கத் தெரியாமல் வாங்குகிறவர்கள்தான். கடையில் கண்ணாடிக் கூண்டுக்குள் நிற்கும்போது ராஜா மாதிரி இருக்கும். வீட்டுக்குக் கொண்டுவந்து ரெண்டு தடவை பழைய பனியனால் துடைத்தால் போதும், வெயிலில் நிறுத்திப் பார்த்தால் பானட் முழுக்கச் சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாய்க் கோடு. வெள்ளை வண்டியிலும் அதே கோடு இருக்கும். ஆனால் வெள்ளை எதையும் வெளியே சொல்லாது. கருப்பு வாயே மூடாது.

அப்படி வாயை மூடத் தெரியாத வண்டிகளோடு காலம் தள்ளின ஒருவர் இருந்தார். பட்டறையில் அவருக்கு அட்டக்கரி என்று பேர். ஆள் என்னவோ மாநிறம்தான். கருப்பு, கருநீலம், கரும்பச்சை என்று இருட்டு நிற வண்டிகளைத் தவிர வேறெதிலும் கை வைக்கமாட்டார், அதனால் ஒட்டிக்கொண்ட பேர். வெள்ளை வண்டி வந்தால் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். "அதுக்கெல்லாம் ஆள் எதுக்கு? மழையில நிறுத்துனா தானா வெளுத்துக்கும்" என்பார்.

கார் கழுவி மெருகேற்றுகிற அந்தப் பட்டறை பெரிய சாலை திரும்புகிற இடத்தில் இருந்தது. தகரக் கூரை. முன்பக்கம் தண்ணீர் அடிக்கிற இடம். நடுவில் வெள்ளை, வெள்ளி நிற வண்டிகளுக்கான இடம். கடைசியில் மூணு பக்கமும் சுவர் எழுப்பி, சுவரில் நெட்டுக்குத்தலாக டியூப்லைட் பொருத்தின ஓர் அறை. அது கருப்பு அறை, அட்டக்கரியின் ராஜ்ஜியம். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். மோதிரம், வாட்ச், பெல்ட் எதுவும் ஆகாது, பட்டால் கோடு. பட்டறையை நடத்துகிற முதலாளியம்மாவே வாசலில் நின்றுதான் பேசுவார்.

அந்த அறைக்கு அவர் வைத்த வழக்கம் ஒன்று உண்டு. சீலன்ட் பூசினவன் அதைத் தானே சரிபார்க்கக் கூடாது. சீலன்ட் என்பது பெயின்ட்டுக்கு மேலே போடுகிற கண்ணுக்குத் தெரியாத சட்டை. மெல்லிசாகப் பூசி, காயவிட்டு, துணியால் துடைத்தெடுக்க வேண்டும். சரியாகத் துடைக்காத இடம் சாதாரண வெளிச்சத்தில் தெரியாது. வெயிலுக்குப் போனால் குழந்தை நக்கின கண்ணாடி மாதிரி தெரியும். அதற்குள் இறுகிப் போயிருக்கும். "பூசினவன் கண்ணு பூசின கைக்கு ஜால்ரா போடும்" என்பார் அவர். அதனால் வேறொருவன் டார்ச்சை வைத்துக்கொண்டு வண்டியைச் சுற்றிவந்து, "சுத்தமா இருக்கு" என்று சொல்லவேண்டும். அந்த வார்த்தை வந்தால்தான் வண்டி வெளியே போகும். அந்த வேலைக்கு ரெண்டாம் கண் என்று பேர்.

அவருக்கு ரெண்டாம் கண் அவருடைய மச்சான், மனைவியின் தம்பி. டிரைவராய் பஸ் ஓட்டி, அதைக் கழுவியும் விட்டுக்கொண்டிருந்த கம்பெனியை இழுத்து மூடினபோது பெண்டாட்டி பிள்ளையோடு நடுத்தெருவில் நின்றவன். முதலாளியம்மாவிடம் சொல்லிப் பட்டறையில் சேர்த்துவிட்டவர் அட்டக்கரிதான். தான் குடியிருந்த வீட்டிலேயே எதிர்ப் போர்ஷனையும் வாடகைக்குப் பேசி வாங்கிக் கொடுத்தார். செய்த உதவியை அதோடு விட்டிருக்கலாம். அவர் விடவில்லை. சாப்பிட்டவனை ஏப்பம் விடும்வரை பார்த்துக்கொண்டே இருப்பவர் மாதிரி, மச்சான் தலையைத் தூக்குகிறபோதெல்லாம் அதைச் சொல்லிக் காட்டினார்.

"இது பஸ் இல்ல மச்சான், வாளியோட ஏறி மிதிச்சுக் கழுவ" என்பார், வாடிக்கையாளர் பக்கத்தில் நிற்கும்போது. வாடிக்கையாளர் சிரிப்பார். மச்சானும் சிரித்து வைப்பான்.

டார்ச்சைப் பிடித்துக்கொண்டு, "இங்க லேசா ஒரு பட்டை தெரியுது மாமா" என்று அவன் எப்போதாவது சொன்னால், அவர் குனிந்து பார்த்து, இருந்தால் பேசாமல் துடைப்பார். இல்லாவிட்டால் பட்டறைக்கே கேட்கும்படி சொல்வார்: "பஸ் கழுவுற கண்ணுக்கு எல்லாமே பட்டைதான்."

"ஒரு வண்டி நான் பூசிப் பாக்கட்டுமா மாமா?" என்று ஒருநாள் கேட்டுவிட்டான். கேட்கிற வயது தாண்டினவன், காதோரம் நரை வந்தவன்.

"பூசலாமே. வீட்டுல உங்க அக்கா ரொம்ப நாளா சுவத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சொல்றா. அதுல ஆரம்பி."

அன்றைக்கும் மச்சான் சிரித்தான். அந்தச் சிரிப்பில் பல் மட்டும்தான் இருந்தது. அட்டக்கரி அதைப் பார்க்கவில்லை. பார்க்க முடியாமல் போன காலம் அப்போதே தொடங்கிவிட்டது.

முதலில் டியூப்லைட்டைச் சுற்றி ஒரு புகை வளையம் தெரிந்தது. லைட்டைக் குறை சொல்லி மாற்றச் சொன்னார். மாற்றினார்கள். வளையம் போகவில்லை. பிறகு எதிரே வருகிற வண்டியின் வெளிச்சம் கண்ணில் சாம்பலைத் தூவினது மாதிரி கூசியது. கருநீலம் எது, கருப்பு எது என்று தடுமாறினார். ஆளிடம் கேட்காமல் சாவிக்கொத்தில் மாட்டின அட்டையைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் படித்துக்கொண்டார். கண் போனால் கருப்பு அறை போய்விடும் என்பது அவருக்குத் தெரியும். கருப்பு அறை போனால் அவர் பட்டறையில் இன்னொரு வாளிக்காரர். அதனால் வாயைத் திறக்கவில்லை.

வீட்டில் மனைவியிடம் மறைக்க முடியுமா? பூட்டில் சாவி நுழையாமல் அவர் கதவைச் சுரண்டிக்கொண்டிருந்ததை உள்ளேயிருந்து கேட்டுவிட்டுத் திறந்தாள்.

"எலி வந்துட்டதுன்னு நினைச்சேன்" என்றாள்.

"பூட்டு பழசு."

"பூட்டா பழசு? கண் டாக்டர்கிட்ட போகலாம்னா காது கேக்காத மாதிரி போறீங்க. கண்ணுதானே கெட்டிருக்கு, காதுக்கு என்ன?"

"உன் வேலையைப் பாரு."

அவள் தன் வேலையைத்தான் பார்த்தாள். எதிர்ப் போர்ஷனுக்குப் போய்த் தம்பியிடம் சொன்னாள். "உங்க மாமாவுக்குப் பார்வை சரியில்லடா. கேட்டா கடிக்க வர்றாரு. நீ கூட இருக்கியே, கொஞ்சம் பாத்துக்கோ." மச்சான் தலையாட்டினான். இதெல்லாம் அட்டக்கரிக்குப் பிற்பாடு தெரிந்த சங்கதி.

அந்தச் சமயத்தில்தான் பல் டாக்டர் புதுக் கருப்பு வண்டியோடு வந்தார். நாலு பேரிடம் விசாரித்துவிட்டு, அட்டக்கரிதான் வேண்டும் என்று வந்தவர். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுச் சாக்ஸோடு நின்றார்.

"எது ரொம்ப நாள் நிக்குமோ அதைப் போடுங்க" என்றார் டாக்டர்.

"அது இருக்கட்டும் சார். வண்டி எங்க நிக்கும்?"

"கிளினிக் வாசல்ல. ஒரு மரத்தடி."

"மரத்துல பறவை உண்டா?"

"பறவை இல்லாத மரம் எங்க இருக்கு?"

"அப்ப மெழுகு வேண்டாம். மெழுகு போட்டா கருப்புக்கு ஒரு எண்ணெய்க் களை வரும், தொட்டுத் தடவணும்போல இருக்கும். ஆனா வெயில்ல சீக்கிரம் செத்துப் போயிடும். செராமிக்னு ஒண்ணு வந்திருக்கு, கல்லு மாதிரி ஒட்டிக்கும். பூசுறப்ப தப்பு பண்ணுனா தப்பும் கல்லு மாதிரி ஒட்டிக்கும். நடுவாந்திரமா சீலன்ட் போடலாம். அதுலயும் கெட்டியா பேஸ்ட் மாதிரி இருக்கிறது கருப்புக்கு ஆகாது. இடுக்குல எல்லாம் போய் உக்காந்துட்டு வெள்ளையா பல்லைக் காட்டும்."

"பல்லைக் காட்டுனா என்கிட்ட அனுப்புங்க."

அட்டக்கரி சிரித்தார். அவர் வாடிக்கையாளரோடு சிரிப்பது அபூர்வம். "தண்ணி மாதிரி ஓடுற சீலன்ட்தான் உங்களுக்கு. நாளைக்கு சாயங்காலம் வாங்க."

வேலையை எப்போதும்போல ஒழுங்காகத்தான் செய்தார். வண்டியைக் கழுவி, களிமண் மாதிரி இருக்கிற கட்டியால் பெயின்ட்டில் ஒட்டியிருந்த துகளையெல்லாம் இழுத்தெடுத்தார். மெஷின் வைத்துப் பாலிஷ் போட்டு, அந்தப் பாலிஷ் எண்ணெயும் போகத் துடைத்தார். எண்ணெய்மேல் சீலன்ட் பிடிக்காது. பானட்டில் புறங்கையை வைத்துச் சூடு இருக்கிறதா என்று பார்த்தார். சின்ன ஸ்பாஞ்சில் நாலு சொட்டு விட்டு, பானட், கதவு என்று ஒவ்வொரு பாகமாக, நேர்க்கோட்டில் இழுத்தார். கைக்குக் கண் தேவைப்படவில்லை. அந்தக் கை எத்தனையோ வருஷமாய் அதே தூரம் போய் அதே தூரம் திரும்பின கை.

துடைப்பதற்குத்தான் கண் வேண்டும். பூசின சீலன்ட் காய்ந்து பனி மாதிரி மங்கும். ஒரு விரலால் கோடு இழுத்துப் பார்த்து, விரல் போன பாதை சுத்தமாக இருந்தால் துடைக்கலாம். இழுசினால் இன்னும் காத்திருக்க வேண்டும். அன்றைக்குக் காற்றில் ஈரம். விரல் போன பாதை இழுசியதா இல்லையா என்று அவருக்குத் தெரியவில்லை. அவர் பார்க்கிற இடமெல்லாம்தான் பனி மூடியிருந்ததே. ஒரு குத்துமதிப்பில் துடைத்தார். துணியைத் திருப்பித் திருப்பித் துடைத்தார். முடித்துவிட்டு டார்ச்சை மச்சானிடம் நீட்டினார். அவன் கையில் டார்ச் இருக்கிறவரை பயமில்லை என்று நினைத்திருந்தார். தினமும் யாரைக் குத்தினாரோ அவனை நம்பித்தான் நாள் ஓட்டினார் என்பதை அவர் யோசித்ததே இல்லை.

மச்சான் பானட்டிலிருந்து ஆரம்பித்தான். இடது கதவு, பின்பக்கம், வலது கதவு என்று மெதுவாகச் சுற்றினான். ஓர் இடத்தில் நின்றான். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தான். பிறகு நிமிர்ந்தான்.

"சுத்தமா இருக்கு மாமா" என்றான்.

வண்டியை எடுத்துப்போன மறுநாள் நடுப்பகலில் பல் டாக்டர் அதோடு திரும்பி வந்தார். வண்டியை வெயிலில் நிறுத்திவிட்டு இறங்கி நின்றார். முதலாளியம்மா கண்ணாடி அறையை விட்டு வெளியே வந்தார். தண்ணீர் அடிக்கிற ஆட்கள் குழாயை மூடிவிட்டு வந்தார்கள். எல்லோரும் பானட்டைப் பார்த்தார்கள். யாரோ உச்சுக்கொட்டின சத்தம் கேட்டது.

அட்டக்கரியும் பார்த்தார். பானட்டில் வானம் வெள்ளையாய்க் கொதித்துக்கொண்டிருந்தது. வேறெதுவும் தெரியவில்லை.

"என்னண்ணே இது?" என்றார் முதலாளியம்மா.

"எது?"

"எதுவா? நல்லா பாத்துச் சொல்லுங்க. எங்க இருக்கு?"

எல்லோரும் அவரையே பார்ப்பது அவருக்குத் தெரிந்தது. முகங்கள் தெரியவில்லை, அமைதி தெரிந்தது. கையை நீட்டி, பானட்டின் ஓரத்தில் ஓர் இடத்தைத் தொட்டு, "இங்க லேசா..." என்றார்.

"அண்ணே, அங்க ஒண்ணும் இல்ல" என்றார் முதலாளியம்மா. குரலில் கோபம் போய்விட்டிருந்தது. "அந்த இடம் மட்டும்தான் நல்லா இருக்கு."

பல் டாக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலாம். "மொதல்ல கண்ணைக் காட்டுங்க பெரியவரே" என்றார். பெரியவர் என்று அதற்கு முன்னால் பட்டறையில் யாரும் அவரைக் கூப்பிட்டதில்லை.

அந்த வண்டியைச் சரிசெய்தவன் மச்சான். இறுகிப்போன பட்டைகளையெல்லாம் மெஷின் போட்டு எடுத்து, புதிதாகப் பூசி, சாயங்காலத்துக்குள் கொடுத்துவிட்டான். இத்தனை வருஷம் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவன், பார்த்தே எல்லாவற்றையும் கற்றிருந்தான். கருப்பு அறை அன்றோடு கை மாறியது. அட்டக்கரியை நடுவில் வெள்ளை வண்டிகளுக்கு அனுப்பினார்கள்.

கை கழுவுகிற குழாயடியில் மச்சானைத் தனியாகப் பிடித்தார்.

"நீ டார்ச்சு அடிச்சுப் பாத்தேதானே?"

"பாத்தேன்."

"தெரியலையா?"

மச்சான் சோப்பை நிதானமாகத் தேய்த்தான். விரலிடுக்கு, நகக்கண் என்று ஒன்றுவிடாமல் தேய்த்தான்.

"பஸ் கழுவுற கண்ணு மாமா. அதுக்கு என்ன தெரியும்?"

கையை உதறிவிட்டுப் போனான். அட்டக்கரி குழாயை மூட மறந்து நின்றார்.

வீட்டில் அன்று மனைவி பூகம்பமாய் நின்றாள். தம்பியிடம் சொல்லிவைத்ததை அப்போதுதான் சொன்னாள். "பாத்துக்கோடான்னு சொன்னேனே, இப்படியா பாத்துக்கிறது?" என்று எதிர்ப் போர்ஷன் வாசலில் போய்க் கேட்டாள்.

"உன் புருஷன் என்னைப் பாத்துக்கிட்ட மாதிரிதான் நானும் பாத்துக்கிட்டேன்" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. கதவு சாத்திக்கொண்டது. ரெண்டு கதவுக்கும் நடுவே இருந்தது நாலடி நடைபாதை. அதற்குப் பிறகு அந்த நாலடியைக் குழந்தைகள் மட்டும்தான் தாண்டினார்கள்.

"ரெண்டு பேரும் சேர்ந்து என்னைப் பிச்சு எடுத்துட்டீங்க" என்றாள் மனைவி. "ஒருத்தன் வாயால கெட்டான், ஒருத்தன் வாயை மூடிக் கெடுத்தான்."

கண் ஆபரேஷன் நடந்தது. முதலில் ஒரு கண், கொஞ்ச நாள் விட்டு இன்னொன்று. கட்டு அவிழ்த்த அன்று, சுவரில் மாட்டியிருந்த நீலச் சட்டையைப் பார்த்து, புதுசா என்று கேட்டார். அவர் தினமும் போடுகிற சட்டைதான். மனைவியின் கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்திருந்ததை அன்றுதான் பார்த்தார். எத்தனை நாளாய் இருந்ததோ. தன் வீட்டுச் சுவர் எவ்வளவு அழுக்கு என்பதும் தெரிந்தது. நல்ல பார்வை வந்து அவருக்கு முதலில் கிடைத்த லாபம் இதுதான்.

பட்டறைக்குப் போய் முதலாளியம்மாவின் எதிரே நின்றார். "கண்ணு இப்ப கத்தி மாதிரி இருக்கு. பழையபடி உள்ள போறேன்."

"சந்தோஷம்ண்ணே. ஆனா உள்ள அவரு நல்லா செய்றாரு. யாரும் குறை சொல்றதில்ல. ஓடுற வண்டிக்கு எதுக்கு டிரைவரை மாத்தணும்?" டிரைவர் என்ற சொல் தற்செயலாக வந்ததா, வேண்டுமென்றே வந்ததா, தெரியவில்லை. "கண்ணு நல்லா இருக்குன்னா ஒண்ணு செய்யுங்க. அவருக்கு ரெண்டாம் கண்ணு சரியா அமையல. நீங்க வச்ச வழக்கம்தானே. நீங்களே பாத்துக் கொடுங்க."

முடியாது என்று சொல்லியிருப்பார், வேறு போக்கிடம் இருந்திருந்தால்.

இப்படியாக, பகலெல்லாம் வெள்ளை வண்டியில் வாளியும் கையுமாக இருந்துவிட்டு, கூப்பிட்டால் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் டார்ச் அடித்துக் கொடுக்கிற பிழைப்பு ஆயிற்று. மச்சான் ஆளை அனுப்பிக் கூப்பிடுவான். சின்னச் சின்னக் குறை இருக்கும். காட்டுவார், அவன் துடைப்பான். ஒரு பேச்சும் கிடையாது. குறை இருக்கிறவரை ரெண்டு பேருக்கும் வசதியாகத்தான் இருந்தது.

பல் டாக்டரின் வண்டி மறுபடி வந்தது. பழைய சீலன்ட் தேய்ந்து, தண்ணீர் முத்து முத்தாய் நிற்காமல் சப்பையாய்ப் படுக்க ஆரம்பித்திருந்தது. டாக்டர் இந்தத் தடவை நேராக மச்சானிடம் பேசினார். வெள்ளை வண்டியின் சக்கரத்தருகே குந்தியிருந்தவரைப் பார்த்து, "கண்ணு எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டார். "இருக்கு" என்றார் அட்டக்கரி.

மத்தியானத்துக்கு மேல் கூப்பிட்டார்கள். அட்டக்கரி ஈரக்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். ஒரு குறை கிடைக்கவேண்டும் என்று மனசு அரித்தது. பெரிய குறை. முதலாளியம்மாவைக் கூப்பிட்டுக் காட்டுகிற மாதிரி. பானட்டில் டார்ச்சைச் சாய்த்து அடித்தார். கதவுப் பிடிக்குக் கீழே, கண்ணாடி மூட்டில், நம்பர் பிளேட் ஓரத்தில், தான் இருந்திருந்தால் விட்டிருக்கக்கூடிய இடங்களில் எல்லாம் தேடினார். கூரையைப் பார்க்க ஸ்டூல் போட்டு ஏறினார். இறங்கி இன்னொரு சுற்று வந்தார். கண் புதுக் கண். தூசு விழுந்தாலும் தெரிகிற கண். வண்டியில் ஒன்றும் இல்லை. பெயின்ட்டில் டியூப்லைட்டின் பிம்பம் கம்பி மாதிரி நேராய் விழுந்து கிடந்தது, கிணற்றுத் தண்ணீருக்குள் கிடப்பது மாதிரி. பக்கத்தில் அவருடைய முகம், ஒரு சுருக்கம் விடாமல்.

தன் காலத்தில் தான் பூசின எந்த வண்டியும் இவ்வளவு சுத்தமாய் இருந்ததில்லை என்று அவருக்குப் புரிந்தது. அதைச் சொல்லத் தோன்றவில்லை. சொல்லவேண்டியதைச் சொன்னார்.

"சுத்தமா இருக்கு."

மச்சான் அவர் முகத்தையே பார்த்தான். "சுத்தமா இருக்கா?"

"ஆமா."

"ஒண்ணுமே இல்ல?"

"ஒண்ணும் இல்ல."

மச்சான் டார்ச்சை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். தானே ஒரு சுற்று வந்தான். பூசினவன் பார்க்கக்கூடாது என்ற வழக்கத்தை அவன் மறந்திருக்க முடியாது. பானட்டில் ஓர் இடத்தில் நின்று தலையை அப்படியும் இப்படியும் சாய்த்தான்.

"நெசமாத்தான் சொல்றேன் மச்சான்" என்றார் அட்டக்கரி. மச்சான் என்ற சொல் அவர் வாயில் ரொம்ப நாளுக்குப் பிறகு வந்தது.

"நானும் அன்னைக்கு இதையேதான் சொன்னேன் மாமா."

தோளில் கிடந்த துணியை எடுத்தான். வெளியே யாரோ காற்று மெஷினை வைத்து வண்டியின் மிதியடியை ஊதிக்கொண்டிருந்தார்கள். கதவு திறந்திருந்தது. தூசு மெல்ல உள்ளே வந்து, பூசி முடித்த பானட்டின்மேல் இறங்கிக்கொண்டிருந்தது. புதுக் கண்ணுக்கு அது நன்றாகத் தெரிந்தது. அதன்மேல் காய்ந்த துணியை வைத்து அழுத்தினால் அந்தத் தூசே பெயின்ட்டைக் கீறிவிடும். அட்டக்கரி வாயைத் திறந்தார்.

"துடைக்காத. போதும், விடு."

"ஏன், நான் துடைச்சா கண்டுபிடிச்சிருவேன்னா?"

மச்சான் துடைத்தான். இல்லாத பட்டையை அழுத்தி அழுத்தித் துடைத்தான். துணியைத் திருப்பி மறுபடி துடைத்தான். அட்டக்கரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். இன்னொரு தடவை சொல்லிப் பார்க்கலாமா என்று நினைத்தார். தன் வார்த்தைக்கு அந்த அறையில் என்ன மதிப்போ அதற்கு மேல் அதைச் செலவழிப்பானேன் என்று விட்டுவிட்டார்.

துடைத்து முடித்து, மூச்சு வாங்க, மச்சான் டார்ச்சை நீட்டினான். "இப்ப பாருங்க."

அட்டக்கரி வாங்கிப் பார்த்தார். பானட்டின் நடுவில், விளக்கொளியைச் சுற்றி, தலைமுடியைவிட மெல்லிசாய் வட்ட வட்டமாய்க் கோடுகள். புத்தம் புதுசு.

"இப்ப இருக்கு" என்றார்.

மச்சான் குனிந்து பார்த்தான். பார்த்ததும் அவன் தோள் தளர்ந்து, முகம் தெளிந்தது.

"அதானே பாத்தேன்" என்று சொல்லிவிட்டு, பாலிஷ் மெஷினை எடுக்கப் போனான்.